குழாயடிப் பேச்சு



"எதிர்வீட்டு அக்கா காப்பர்-டி போட்டாங்களாம், ஒரே இடுப்பு வலியாம்!" காலையில் குழாயடியில் கிளம்பிய இந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிடும். நல்ல சேதி பரவுவதும் இதே வழியில்தான்.

தென்கொரியாவில் 1968-ல் சுமார் 12,000 கிராமங்களில் தாய்மார் சங்கங்கள் தொடங்கப்பட்டன. பெண்கள் கூடிப் பேசினார்கள், சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார்கள், கருத்தடை மாத்திரையும் அங்கேயே வாங்கினார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். ஒரு கிராமத்தில் பெரும்பாலோர் மாத்திரை. இன்னொன்றில் பெரும்பாலோர் லூப். அரசுத் திட்டம் என்னவோ ஒன்றுதான்! முதலில் துணிந்த சிலர் எதை எடுத்தார்களோ, அதையே மற்றவர்களும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்நாட்டில் 1960-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6 பிள்ளைகள். 1980-ல் 3-க்கும் குறைவு. படிப்பும் பட்டணத்து வேலையும் இதற்குத் துணைநின்றன என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆனால் ஊருக்கு ஒத்தது உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா? இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஹார்மோன் கலப்பு மாத்திரை ஆகாது. காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்களில் உதிரப்போக்கும் வலியும் கூடலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாவிட்டால் செவிலியரிடம் காட்டுங்கள், எடுத்துவிடலாம்.

ஆண்களே, கத்தியில்லாக் கருத்தடை செய்துகொண்டவர் டீக்கடையில் வாயைத் திறப்பதே இல்லை! அடுத்தவர் கேட்டால் சொல்லுங்கள்: பிறகு 3 மாதம் நிரோத் போட்டதையும், விந்துப் பரிசோதனை செய்ததையும், இரண்டு நாள் வலித்திருந்தால் அதையும் சேர்த்தே.