அந்தப் பன்னிரண்டு வருடக் கதை

போன மாதம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெருவின் கடைசி வீட்டு முன்னால் ஒரு டாட்டா ஏஸ் வண்டி நின்றது. மாடி போர்ஷனில் குடியிருந்தவர்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பீரோ, கிரைண்டர், துணி மூட்டைகள், கடைசியாக ஒரு துளசித் தொட்டி. அந்த மனிதர் ஐந்து ரோடு பக்கம் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுக்காமல் இருந்ததே இல்லை. வீட்டுக்கார அம்மா என் மனைவிக்குப் பழக்கம். “ஏங்க்கா, நல்ல மனுசங்களாச்சே, எதுக்குக் காலி பண்ணச் சொன்னீங்க?” என்று கேட்டதற்கு வந்த பதில் இது: “பதினோரு வருசம் ஆயிருச்சு கண்ணு. பன்னெண்டு தாண்டினா வீடு அவங்களுக்கே சொந்தமாயிருமாமே.”

முப்பத்தோரு வருடம் பத்திரப் பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கதை காதில் விழாத வாரம் கிடையாது. காந்தி ஸ்டேடியத்தில் காலை நடைக்குப் போனால் கேட்கிறேன். சாரதா கல்லூரி சாலையில் டீ குடிக்க நின்றால் கேட்கிறேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பார் ஊற்றும்போதே ஆரம்பிக்கிறார். சொல்பவர்களில் படித்தவர்கள்தான் அதிகம். பேங்கில் மேனேஜராக இருந்தவர்களும் கல்லூரியில் பாடம் எடுத்தவர்களும் வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, ஒழுங்காக இருந்த குடும்பத்தை வேறு வீடு தேடி அலைய விடுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு 12 வருடத்தில் வீடு சொந்தமாகாது. 24 வருடத்திலும் ஆகாது. தாத்தா குடிவந்து பேரன் காலம்வரை வாடகை கொடுத்துக்கொண்டிருந்தாலும் ஆகாது.

பிறகு இந்த 12 எங்கிருந்து வந்தது? 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்திலிருந்து வந்தது. கோர்ட் வராந்தாவில் லிமிடேஷன் ஆக்ட் என்பார்கள். உங்கள் சொத்தை ஒருவர் ஆக்கிரமித்துக்கொண்டால், அதை மீட்க வழக்குப் போட அந்தச் சட்டம் கொடுக்கும் கெடு 12 வருடம். பக்கத்து மனைக்காரர் உங்கள் இடத்தில் மூன்று அடி தள்ளிச் சுவர் எழுப்புகிறார் என்று வையுங்கள். இது என் இடம் என்று ஊரறியச் சொல்கிறார். நீங்கள் பார்த்துக்கொண்டே 12 வருடம் சும்மா இருந்துவிட்டால் உங்கள் உரிமை போய்விடும். இதற்கு எதிரிடை அனுபோகம் என்று பெயர். அனுபவிப்பவர் உரிமையாளரின் அனுமதி இல்லாமல், ஒளிவு மறைவு இல்லாமல், உரிமையாளருடைய உரிமையை மறுத்து, இடைவிடாமல் அனுபவித்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த வாதம் நிற்காது.

வாடகைதாரர் எப்படி உள்ளே வந்தார்? நீங்கள் சாவி கொடுத்து வந்தார். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி வந்தார். மாதாமாதம் அவர் நீட்டும் வாடகைப் பணம், ‘இது உங்கள் வீடுதான்’ என்று அவரே ஒப்புக்கொள்வது. அனுமதியோடு வந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் அனுமதியோடு இருப்பவர்தான். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே, 116ஆம் பிரிவில், குடிவந்தபோது வீட்டுக்காரருக்கு உரிமை இல்லையென்று வாடகைதாரர் சொல்லக் கூடாது என்று விதித்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தில் அதே விதி 122ஆம் பிரிவாக இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்றுவரை நீக்கப்படாத விதியை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப் எப்படி நீக்கியது?

2019இல் உச்ச நீதிமன்றம் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. எதிரிடை அனுபோகத்தால் உரிமை பெற்றவர், எதிர்வாதமாக மட்டும் அதைச் சொல்லாமல், தானே வாதியாக வந்தும் வழக்குப் போடலாம் என்பதுதான் தீர்ப்பு. வாடகைதாரருக்கு வீடு சொந்தம் என்று அதில் எங்கும் இல்லை. ஆனாலும் ‘சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டது’ என்று என்னிடம் போனை நீட்டியவர்கள் எத்தனையோ பேர். தீர்ப்பைப் படித்தீர்களா என்று கேட்டால் தலை குனிகிறார்கள். அதே உச்ச நீதிமன்றம் 2008இல், ஹேமாஜி வாகாஜி வழக்கில், இந்த எதிரிடை அனுபோகச் சட்டமே நியாயத்துக்கு ஒவ்வாதது, அரசு மறுபடி யோசிக்க வேண்டும் என்று கண்டித்ததை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

கதை வெறுங்காற்றில் முளைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் குடியிருந்தவருக்கு இடம் சொந்தமான சட்டங்கள் உண்மையாகவே இருந்தன. 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் ஒன்று. கிராமத்தில் மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயிக்கும் விவசாயக் கூலித் தொழிலாளிக்கும், 1971 ஜூன் 19 அன்று அங்கே குடியிருந்திருந்தால், அந்த மனை சொந்தம் என்றது. நியாயமான சட்டம். அதற்கு முன்பே 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. காலி மனையை அடிமனை வாடகைக்கு எடுத்துத் தன் காசில் கட்டடம் கட்டியவர், கோர்ட் நிர்ணயிக்கும் விலை கொடுத்து அந்த மனையை வாங்கிக்கொள்ள அது வழி செய்தது. 1955இல் குத்தகை விவசாயிகளை நினைத்தபடி வெளியேற்ற முடியாதபடி இன்னொரு சட்டம் வந்தது. ராசிபுரம் பக்கமோ சங்ககிரி பக்கமோ எந்தப் பழைய குடும்பத்தைக் கேட்டாலும், ‘எங்க பெரியப்பா காலத்துல ஒரு வயல் போச்சு’ என்று ஒரு கதை இருக்கும். வயலுக்கும் குடிசைக்கும் அடிமனைக்கும் வந்த சட்டங்களை எல்லாம் ஒன்றாகப் பிசைந்து, ஃபேர்லேண்ட்ஸ் மாடி போர்ஷனுக்குப் பொருத்தியதுதான் இந்தப் பன்னிரண்டு வருடக் கதை.

12 வருடக் கெடுவுக்குப் பயப்பட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பிருந்தாவன் ரோடு, ராமகிருஷ்ணா ரோடு பக்கம் நடந்து பாருங்கள். பிள்ளைகள் டாலஸிலோ பெங்களூரிலோ இருக்க, பெற்றவர்கள் காலமாகி, துருப்பிடித்த பூட்டோடு நிற்கும் வீடுகள் தெரியும். குடி வைத்தால் வீடு போய்விடும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டை உடைத்து ஒருவன் உள்ளே போனால் அவனிடம் யாருடைய அனுமதியும் கிடையாது. அவன் விஷயத்தில்தான் 12 வருடம் ஓட ஆரம்பிக்கும். வாடகைதாரர் அந்த வீட்டில் இருந்தால் உங்கள் சார்பில் உங்கள் சொத்தை அனுபவத்தில் வைத்திருக்கிறார். கூரையில் ஒழுகினால் உங்களுக்குப் போன் செய்கிறார். எதற்குப் பயந்து பூட்டினீர்களோ அதற்கே கதவைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள்.

வேலியில்லாத காலி மனைக்கும் இதே கதிதான்.

வாடகைதாரர் விஷயத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய கெடு வேறு. சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து வாடகை உறவை முடித்த பிறகும் அவர் காலி செய்யவில்லை என்றால், அந்த நாளிலிருந்து 12 வருடத்துக்குள் வீட்டை மீட்க வழக்குப் போட வேண்டும். வாடகை பாக்கிக்குக் கெடு மூன்றே வருடம். ‘பாவம், அப்புறம் கேட்டுக்கலாம்’ என்று நான்கு வருட பாக்கியைச் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறவர்கள், முதல் வருடப் பாக்கியை மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது ‘11 மாசம் அக்ரிமென்ட் போட்டா போதும், ஒண்ணும் பண்ண முடியாது’ என்பது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுச் செலவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் 11 மாதம். அதற்கும் வீட்டு உரிமைக்கும் சம்பந்தமே இல்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய சட்டம் நடக்கிறது. சேலம் மாநகராட்சிக்குள் இருக்கும் உங்கள் வீட்டுக்கு, 11 மாதமோ 11 நாளோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்று அரசு இணையதளமே இருக்கிறது. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி பீரோவுக்குள் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

வாடகை வரவில்லை என்றால் தண்ணீரை நிறுத்து, ஃபியூஸைப் பிடுங்கு, வேறு பூட்டுப் போடு என்று யோசனை சொல்லும் சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அத்தியாவசிய வசதியை நிறுத்துவதைப் புதிய சட்டம் தடுக்கிறது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்குள் போகாமலே கோர்ட் அவரைத் திரும்ப உள்ளே உட்கார வைக்கும். ஸ்டேஷனுக்குப் போனாலும் இது சிவில் விஷயம் என்று அனுப்பிவிடுவார்கள்.

வாடகைக்குப் பதில் மொத்தத் தொகை கொடுத்துக் குடியேறும் போக்கியம் பற்றிச் சுருக்கமாக: 100 ரூபாயோ அதற்கு மேலோ ஆன போக்கிய அடமானம் பதிவாகாமல் செல்லாது. ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று வாங்கிக்கொண்டு வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுப்பது இரு தரப்புக்கும் ஆபத்து.

ரேஷன் கார்டு விஷயம் என்னைத் தூங்கவிடாதது. குடியிருப்பவர் ரேஷன் கார்டையோ வாக்காளர் அட்டையையோ ஆதாரையோ வீட்டு முகவரிக்கு மாற்ற அனுமதிக்கக் கூடாது, மாற்றினால் பாத்தியதை வந்துவிடும் என்று எத்தனை வீட்டுக்காரர்கள் மறுக்கிறார்கள்! என் சர்வீஸில் ஆயிரக்கணக்கான கிரயப் பத்திரங்கள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ரேஷன் கார்டை மூலப் பத்திரமாகக் காட்டி யாரும் ஒரு சென்ட் இடத்தை விற்றதில்லை. அது குடியிருப்பதற்குச் சான்று. உரிமைக்குச் சான்று கிரயப் பத்திரமும் அதன் மூலப் பத்திரங்களும். வில்லங்கச் சான்றும் சொத்து வரி ரசீதும் அதற்குத் துணை. கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் தன் பெண் குழந்தையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்க்க அலைந்ததைப் பார்த்தேன். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பதாகச் சான்று வேண்டும். வீட்டுக்காரர் கடைசிவரை கொடுக்கவில்லை. விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. ஒரு வதந்திக்காக ஒரு குழந்தையின் பள்ளிக்கூடம் போனது.

என் கையில் ஒரு வாடகை நோட்டு இருக்கிறது. என் அப்பாவுடையது. நீல அட்டை, ஓரம் எலி கடித்தது. அன்றைக்கு எங்கள் வீட்டுத் திண்ணை அறையில் குடியிருந்த ஒரு தறிக்காரர் பெயரும் மாதமும் ரூபாயும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கின்றன. ஒரு பக்கம் அவர் கையெழுத்து, எதிர்ப்பக்கம் அப்பா கையெழுத்து. 14 வருடம். இரண்டு நோட்டு எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். அந்தத் தறிக்காரர் காலி செய்த அன்று பாக்கி எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று ஒரு வார்த்தை தகராறு இல்லை. இன்றைக்கு வீட்டுக்காரர்கள் ரசீது கொடுக்கவே பயப்படுகிறார்கள். ரசீது இருந்தால் குடியிருப்பவருக்கு ஆதாரம் ஆகிவிடுமாம். ஆமாம், ஆதாரம்தான். அவர் வாடகைதாரர் என்பதற்கு ஆதாரம். எதிரிடை அனுபோகம் என்ற பேச்சையே அடியோடு வெட்டும் ஆதாரம். அந்தக் காகிதத்தை எழுதாமல் விட்டுவிட்டு 12 வருடம் என்று நடுங்குவதில் என்ன அர்த்தம்?

ரசீது கொடுத்தால் வருமான வரி கட்ட வேண்டும் என்பது இன்னொரு பயம். வாடகை வருமானத்தில், நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று பில் எதுவும் காட்டாமலே கழித்துக்கொள்ள அரசு விடுகிறது. ஓய்வூதியமும் ஒரு போர்ஷன் வாடகையும் மட்டும் வருகிற பெரும்பாலோருக்கு, கணக்குப் போட்டுப் பார்த்தால், பயந்த அளவு வரி வராது. குடியிருப்பவர் பழைய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரராக இருந்தால் வீட்டு வாடகைப் படிக்கு உங்கள் ரசீதைத்தான் கேட்பார். மறுத்தால் அவர் சட்டப்படி கிடைக்க வேண்டிய சலுகையை இழக்கிறார்.

வரும் மாதம் வாடகை வாங்கும்போது ஒரு ரசீது எழுதுங்கள். தேதி, மாதம், தொகை, வீட்டு எண், இரண்டு கையெழுத்து. ரொக்கமாக வாங்கும் தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஜிபேயில் வாங்கினாலும் எந்த மாத வாடகை என்று குறிப்பில் போடச் சொல்லுங்கள். பிறகு உங்கள் குடித்தனக்காரரிடம், ரேஷன் கார்டை இந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள்.