சுவரில் ஏறும் உப்பு

காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் சிவலோகநாதர் கோயில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பழைய செங்கல் சுவர் ஏதாவது ஒன்றின் அடிப்பகுதியைக் கூர்ந்து பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம், சில இடங்களில் இடுப்பு உயரம் வரை வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் செங்கல் மாவாக உதிரும். அதற்கு மேலே சுவர் நன்றாகவே இருக்கும். மழை மேலிருந்துதானே பெய்கிறது, சுவர் ஏன் கீழே கெடுகிறது?

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, தரையின் ஈரம் சுவரில் ஏறுகிறது. இதுதான் நுண்புழை ஏற்றம். 1 மி.மீ. ஆரமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 15 மி.மீ. ஏறும். ஆரம் குறையக் குறைய ஏற்றம் கூடும். 0.01 மி.மீ. என்றால் 1.5 மீட்டர்! செங்கல்லின் துளைகள் நேரான குழாய்கள் அல்ல. ஏறும் வழியிலேயே காற்றுபட்டு நீர் ஆவியாகவும் செய்கிறது. ஆகவே ஏறும் நீரும் ஆவியாகும் நீரும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடும்.

நீர் ஆவியாகிப் போய்விடும். அது சுமந்து வந்த உப்பு போகாது. நம் கடற்கரையில் மண்ணிலும் உப்பு, காற்றிலும் உப்பு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையும். குறைந்தால் மீண்டும் படிகமாகும். இரவில் கரைவதும் உச்சிவெயிலில் படிகமாவதும் இங்கே பல மாதங்கள் நடக்கும். ஒவ்வொரு முறையும் வளரும் படிகம் துளையின் பக்கங்களை நெருக்கித் தள்ளுகிறது. கல்லே ஆனாலும் எத்தனை நாள் தாங்கும்?

இதைப் பார்த்ததும் நமக்குத் தோன்றுவது, சிமெண்ட் பூசுவது. எங்கள் தாத்தா வீட்டுத் தாழ்வாரத்தில் அதைத்தான் செய்தோம். இரண்டு மழைக்காலம் பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது மழைக்குப் பிறகு, பூச்சு முடிந்த இடத்துக்கு மேலே புதிதாக உப்புப் பூத்தது. சிமெண்ட் ஆவியாகும் வழியை அடைத்ததும் நீர் இன்னும் மேலே ஏறிவிட்டது. கொத்தனாரைக் குறை சொல்லி என்ன பயன்? இயற்பியல் படித்த நான்தான் கூடவே நின்று மேற்பார்வை பார்த்தேன்!

அந்தச் சுவரைக் கட்டியவர்கள் பூசியது சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது பழைய முறை. பூசியபின் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல எடுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக இறுகும். இறுகினாலும் துளைகள் இருக்கும். ஈரம் அதன் வழியே வெளியேறும். உப்பும் பெரும்பாலும் செங்கல்லில் தங்காமல் பூச்சிலேயே பூக்கும். பூச்சு உதிரும், சுவர் பிழைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியதுதான். செலவு என்கிறீர்களா? புதுச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் காலத்து மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021இல் திறந்தார்கள். பழையதைப் போலவே இருக்கிறது, ஆனால் பழையது அல்ல. ஒரு கட்டடம் இடிவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஈரம் ஊறிய சுவர் வலிமை இழக்கும் என்பது மட்டும் உறுதி.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உலர்ந்த செங்கல் இரண்டை எடுத்து, ஒன்றின் கீழ்ப்பாதியைச் சுற்றி பிளாஸ்டிக் தாளை இறுகக் கட்டுங்கள். அடிமுகம் மட்டும் திறந்திருக்கட்டும். இரண்டையும் ஒரு தட்டில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு விரல் உயரத்துக்கு உப்புநீர் ஊற்றுங்கள். வெயிலும் காற்றும் படும் இடத்தில் வைத்து, நீர் குறையக் குறைய ஊற்றி வாருங்கள். இரண்டு வாரம் கழித்து, உப்புப் பூத்த உயரத்தை இரண்டிலும் பென்சிலால் கோடு போட்டு அளந்து பாருங்கள். எதில் கோடு மேலே இருக்கிறது?