நூர் இனாயத் கான்: இசையும் கதையும் இரகசிய வானொலியும்

பெண்பிள்ளை கதை எழுதுகிறாள், வாத்தியம் பழகுகிறாள் என்றால், “இதெல்லாம் எதற்கு உதவப் போகிறது?” என்று கேட்பவர்கள் எம்மிடையே உண்டு. 1943 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இராணுவப் பயிற்சியாளர் சிலரும் ஒரு முஸ்லிம் யுவதியைப் பற்றி ஏறத்தாழ இதே ஐயத்தை எழுதி வைத்தார்கள். அவர் பெயர் நூர் இனாயத் கான்.

1914 ஜனவரி முதலாந் திகதி மொஸ்கோவில் பிறந்தவர் நூர். தந்தை இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த வீணைக் கலைஞர், சூஃபி ஆசான். தந்தையின் தாய்வழிப் பாட்டனார் மௌலா பக்ஷ் மைசூரில் கர்நாடக இசை கற்றவர். அவருடைய மனைவி திப்பு சுல்தானின் வழிவந்தவர் என்பது குடும்ப வரலாறு. நூரின் தாயார் அமெரிக்கப் பெண்மணி. குடும்பம் பாரிஸ் நகருக்கு அருகே சுரேன் என்ற ஊரில் குடியேறியது.

1927 இல் தந்தை இந்தியாவில் காலமானபோது நூருக்கு வயது பதின்மூன்று. தாயார் துயரத்தில் ஒடுங்கிப்போக, இரண்டு தம்பிமாரையும் தங்கையையும் கவனிக்கும் பொறுப்பு நூரின் தோளில் விழுந்தது. அதற்கிடையில்தான் படிப்பு. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் பயின்றார். நாடியா பூலாஞ்சே என்ற புகழ்பெற்ற ஆசிரியையிடம் பியானோவும், மேனாட்டு யாழான ஹார்ப்பும் கற்றார். தந்தையின் வீணையும் கைவிடப்படவில்லை. தம்பி ஒருவர் வயலின், மற்றவர் செலோ. அந்த வீட்டில் பின்னேரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சிறுவர் கதைகள் எழுதினார். அவை பாரிஸ் பத்திரிகையிலும் வானொலியிலும் வெளிவந்தன. 1939 இல் புத்தரின் முற்பிறப்புக் கதைகளில் இருபதைத் தேர்ந்து, ஆங்கிலத்தில் சிறுவர்களுக்காகத் திருப்பிச் சொன்ன நூல் இலண்டனில் வெளியாயிற்று. எமது சிங்களச் சகோதரிகள் சிறு வயதிலேயே கேட்டு வளரும் ஜாதகக் கதைகள்தாம் அவை. அவற்றை ஒரு முஸ்லிம் பெண் விரும்பி எழுதினார் என்பதை இந்த மாவட்டத்தில் வாழும் நாம் சற்று நின்று கவனிக்கலாம். அக்கதைகளில் ஒன்று குரங்கரசனுடையது. வேடர் சூழ்ந்தபோது தன் உடலையே பாலமாக்கி, கூட்டம் முழுவதையும் அக்கரை சேர்த்துவிட்டு, முதுகு முறிந்து கிடக்கிறது அந்தக் குரங்கு.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த கதையை மூத்தோர் வாயிலாகக் கேட்டிருப்போம். அதே உலக யுத்தம் நூரின் வீட்டையும் கலைத்திருந்தது. 1940 ஜூன் மாதம் ஜேர்மனியர் பாரிஸைப் பிடித்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. அகிம்சையில் ஊறிய வீடு அது. ஆனாலும் கொடுமையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று முடிவு செய்து, நூர் விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து வானொலித் தந்தி பழகினார். பிரெஞ்சு மொழி சரளமாக வந்ததால் இரகசியப் படை அவரைத் தேடி வந்தது.

பயிற்சியாளர்களுக்கோ அவநம்பிக்கை. கனவு காண்பவர், சுபாவம் நிலையற்றது, இரட்டை வேடம் போட விரும்பாதவர் என்று அறிக்கை எழுதினார்கள். கடைசிக் குறையைக் குறை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒற்றருக்கு அது ஆபத்து.

சங்கேத மொழி கற்பித்த லியோ மார்க்ஸ் மட்டும் வேறு வழி பார்த்தார். பாடம் தொடங்குமுன் நூரின் ஜாதகக் கதை நூலை வாசித்தார். பொய் சொல்ல வராத பெண்ணுக்குப் பொய் தேவைப்படாத ஒரு பாதுகாப்பை அமைத்துக் கொடுத்ததாகத் தமது நினைவு நூலில் கூறுகிறார். செய்தியைப் பூட்டும் திறவுச் சொற்றொடர் ஒருபோதும் பதினெட்டு எழுத்தாக இருக்கக் கூடாது; பிடிபட்டால் மட்டும் பதினெட்டு எழுத்தில் அமைக்க வேண்டும். அவ்வளவுதான்.

1943 ஜூன் 16 ஆம் திகதி இரவு சிறு விமானம் ஒன்று அவரைப் பிரான்சில் இறக்கியது. ஜேர்மனியர் வசமிருந்த பிரான்சுக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் வானொலித் தந்தியாளர் அவரே. போலிப் பத்திரத்தில் குழந்தைகளைப் பராமரிக்கும் தாதி. இரகசியப் பெயர் மதலேன். மேடை ஏறாத அவருக்கு இப்போது தெருவே மேடை. சுரங்க இரயிலில் இரு ஜேர்மன் சிப்பாய்கள் பெட்டியில் என்ன என்று கேட்டபோது, சினிமாக் கருவி என்று சொல்லிச் சிறிது திறந்தும் காட்டினார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர்.

வந்த சில நாட்களிலேயே அவர் சேர்ந்த குழுவினர் பெரும்பாலும் பிடிபட்டனர். திரும்பி வரும்படி இலண்டன் அழைத்தது. மாற்று ஆள் வரும்வரை தொடர்பு அறுந்துவிடும் என்று மறுத்துவிட்டார். ஒலியலை வரும் திசையை மோப்பம் பிடிக்கும் வாகனங்கள் தெருக்களில் சுற்றின. ஆகவே ஓரிடத்தில் சில நிமிடங்களே தந்தியடிக்கலாம். பிறகு கம்பியைச் சுருட்டிக்கொண்டு இன்னொரு வீடு. தலைமயிரின் நிறத்தை மாற்றிக்கொண்டு ஏறத்தாழ நான்கு மாதங்கள் தாக்குப் பிடித்தார்.

ஒக்டோபரில் யாரோ காட்டிக் கொடுத்தார்கள். இங்கே அவருடைய தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அனுப்பிய செய்திகளை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். அது எதிரியின் கையில் சிக்கியது. அதைக் கொண்டு நூர் அனுப்புவதுபோல் ஜேர்மனியர் இலண்டனுக்குச் செய்தி விடுத்தனர். அவ்வழியே வந்திறங்கிய சிலர் பிடிபட்டு உயிரிழந்தனர். ஆனால் அச்செய்திகளில் பதினெட்டு எழுத்து எச்சரிக்கை இருந்தது என்றும், மேலிடம் அதைச் சட்டை செய்யவில்லை என்றும் மார்க்ஸ் எழுதுகிறார். வாய்மையைப் பாதுகாப்பாக்கிய ஏற்பாடு சரியாகத்தான் வேலை செய்தது. கேட்கக் காது இல்லை.

நூர் கூரை வழியே தப்பிப் பிடிபட்டார். இனித் தப்ப மாட்டேன் என்று கையெழுத்திடச் சொன்னார்கள், மறுத்தார். கைகால்களில் விலங்கிட்டு, ஜேர்மனியின் போர்ஸ்ஹைம் சிறையில் ஏறத்தாழ பத்து மாதம் தனிமையில் வைத்தார்கள். தோழர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. 1944 செப்டம்பர் 13 ஆம் திகதி டாக்காவ் முகாமில் வேறு மூன்று பெண்களுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது.

1949 இல் பிரித்தானியா ஜோர்ஜ் சிலுவை விருதை வழங்கியது. பிரான்சும் வீரப்பதக்கம் அளித்தது. 2012 இல் இலண்டன் கோர்டன் சதுக்கத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. யுத்தக் காலத்தில் அதற்குப் பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தார். ஓய்வு கிடைத்தால் அந்தச் சதுக்கத்து வாங்கில் அமர்ந்து புத்தகம் வாசிப்பாராம்.