கொடைக்கானல் புல்வெளியும் சூரியனின் கரும்புள்ளியும்: எக்ஸெல்லில் ஒரு பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் திறந்து பார்ப்பது வேர்டு. எக்ஸெல்லை 'அது கணக்குப் பிள்ளைகளுக்கு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த மாதம் அந்த எக்ஸெல்லை வைத்துக்கொண்டே, ஒரு மலையின் வரைபடத்தைக் கம்ப்யூட்டர் எப்படி உருவாக்குகிறது என்று செய்து பார்ப்போம். எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள கால்க் போதும்.

நான் எடுத்துக்கொண்டது பழனி மலை. அதற்குக் காரணம் உண்டு. அந்த மலையைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்து, எங்கே புல், எங்கே மரம் என்று கணக்கெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதே மலையின் உச்சியில், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் எடுத்த படங்களிலிருந்து கரும்புள்ளிகளை அளப்பவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் கீழே பார்க்கிறார், இன்னொருவர் மேலே பார்க்கிறார். இரண்டு பேருக்கும் வரும் சிக்கல் ஒன்று, அதைத் தீர்க்கும் கணக்கும் ஒன்று. அதுதான் இன்றைய பாடம்.

படம் என்றால் எண்

ஏதாவது ஒரு போட்டோவை பெயின்ட் புரோகிராமில் திறந்து பெரிதாக்கிக்கொண்டே போங்கள். கடைசியில் சின்னச் சின்னச் சதுரங்கள்தான் தெரியும். இவைதான் பிக்சல்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் கம்ப்யூட்டரிடம் இருப்பது எண்கள் மட்டுமே. கறுப்பு வெள்ளைப் படம் என்றால் சாதாரணமாக 0 கறுப்பு, 255 வெள்ளை. ஆக ஒரு படம் என்பது எக்ஸெல் ஷீட் போன்ற ஒரு கட்டம்தான். எந்த வரிசை, எந்த நெடுவரிசை என்பது இடத்தைச் சொல்கிறது. கட்டத்துக்குள் இருக்கும் எண், அந்த இடத்தில் இருப்பதைச் சொல்கிறது. இன்ஜினியரிங் படித்தபோது மேட்ரிக்ஸ் கணக்குகளை மாங்கு மாங்கென்று போட்டேன். எதற்கு என்று அப்போது யாரும் சொல்லவில்லை!

லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையில் இன்று நாம் பயன்படுத்தும் படங்களில் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். 1863-ல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியின் பரப்பு சுமார் 24 ஹெக்டேர். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 267 பிக்சல். அவ்வளவு பெரிய ஏரி கம்ப்யூட்டருக்கு 267 எண்கள்தான். ஏரி நட்சத்திர வடிவில் கைகளை நீட்டிக்கொண்டு இருப்பதால் கரையோரப் பிக்சல்களில் பாதி தண்ணீர், பாதி சாலை என்று கலந்து வரும். அந்தக் கலப்பு எண்கள் எப்போதும் தொல்லைதான்.

நிழல் செய்யும் குழப்பம்

இப்போது ஒரு புதிய ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள்: ஏ1-ல் இடம், பி1-ல் சிவப்பு, சி1-ல் அகச்சிவப்பு. அடுத்த நான்கு வரிசைகளில் கீழே உள்ளதை நிரப்புங்கள். (இவை பயிற்சிக்காக நான் போட்ட எண்கள்.)

வெயிலில் உள்ள புல்: 80, 120
நிழலில் உள்ள புல்: 20, 30
வெயிலில் உள்ள மரம்: 30, 150
நிழலில் உள்ள மரம்: 10, 50

செயற்கைக்கோள் நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியையும், தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் தனித்தனியாக அளக்கிறது. பச்சை இலை உணவு தயாரிக்க சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். காய்ந்த புல்லில் இந்த வித்தியாசம் குறைவு.

'சிவப்பு 25-க்குக் குறைந்தால் மரம்' என்று விதி வைத்துப் பாருங்கள். நிழலில் இருக்கும் புல்லும் மரமாகிவிடும், வெயிலில் இருக்கும் மரம் புல்லாகிவிடும். அகச்சிவப்பை மட்டும் பார்த்தாலும் இதே கதை. நீங்கள் எந்த எண்ணைக் கோடாக வைத்தாலும் தப்பு வரும். மலைச்சரிவில் காலை வெயில் ஒரு பக்கம்தானே விழும்? இன்னொரு பக்கம் இருட்டாக இருப்பது செடியின் குற்றமல்ல.

இப்போது டி2 கட்டத்தில் சமக்குறி போடுங்கள். அடைப்புக்குறிக்குள் சி2 கழித்தல் பி2, பிறகு வகுத்தல் குறி, மறுபடி அடைப்புக்குறிக்குள் சி2 கூட்டல் பி2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். (ஏ, பி, சி என்று நான் எழுதும் கட்டப் பெயர்களை நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.) டி2-ஐ கிளிக் செய்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து டி5 வரை இழுங்கள்.

புல் இரண்டுக்கும் 0.2. மரம் இரண்டுக்கும் 0.67. வெயில், நிழல் என்ற பேச்சே காணோம்! நிழலில் இரண்டு ஒளியும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. வகுக்கும்போது அந்தக் குறைவு மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. நிஜப் படத்தில் இவ்வளவு சுத்தமாக வராது, ஏனென்றால் நிழலிலும் வானத்தின் சிதறிய ஒளி விழும். ஆனாலும் பெரும்பகுதி குழப்பம் தீர்ந்துவிடும். தாவரங்களைச் செயற்கைக்கோளில் பார்ப்பவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கணக்கு இது. என்டிவிஐ என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

சூரியனுக்கும் இதே வைத்தியம்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் நிறுவப்பட்டது. கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. பழையவை கண்ணாடித் தகடுகள். அவற்றை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டல் படங்களாக மாற்றியது. ஒரு படத்துக்கு 4096-க்கு 4096 பிக்சல், அதாவது 1,67,77,216 எண்கள். நம் ஷீட்டில் நாலே வரிசை என்று அலுத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கரும்புள்ளி என்றால் இருட்டான இடம். அப்படியானால் இருட்டான பிக்சல்களை எண்ணினால் போதுமா? போதாது. சூரியப் படத்தில் நடு பிரகாசமாகவும் ஓரம் மங்கலாகவும் இருக்கும். ஓரத்தில் நாம் பார்ப்பது சூரிய வளிமண்டலத்தின் சற்றுக் குளிர்ந்த மேல் அடுக்குகளை என்பதால் இப்படி.

புதிய ஷீட்டில் ஏ1 முதல் ஏ9 வரை, புள்ளியே இல்லாத சூரியனின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரையான பிரகாசத்தை நிரப்புங்கள்: 120, 160, 185, 197, 200, 197, 185, 160, 120. பக்கத்தில் பி1 முதல் பி9 வரை, புள்ளி உள்ள சூரியன்: 120, 160, 148, 197, 200, 197, 185, 112, 120. '150-க்குக் குறைந்தால் புள்ளி' என்றால் நான்கு கட்டங்கள் மாட்டும். அவற்றில் முதலும் கடைசியும் வெறும் ஓரங்கள். இனி சி1-ல் பி1-ஐ ஏ1-ஆல் வகுத்து, சி9 வரை இழுங்கள். எல்லாம் 1 என்று வர, மூன்றாவது கட்டம் 0.8, எட்டாவது கட்டம் 0.7. இரண்டே புள்ளிகள். அங்கே மலைநிழல், இங்கே ஓரமங்கல். இரண்டிலும் நமக்கு வேண்டாத வெளிச்ச வேறுபாட்டை வகுத்துத் தள்ளிவிட்டோம்.

நான் செய்த தவறு

இந்தக் கணக்கைக் கற்ற உற்சாகத்தில் கொடைக்கானல் மேல்மலைப் பகுதியின் படத்தை இறக்கி, 0.5-க்கு மேல் வந்த பிக்சல்களுக்கெல்லாம் 'சோலைக்காடு' என்று பெயரிட்டு அடர் பச்சை பூசினேன். பார்க்க அருமையாக இருந்தது. நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். அடுத்த முறை பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனபோது அந்தப் படத்தின் பிரின்ட்டைக் கையோடு எடுத்துப் போனேன். நான் சோலை என்று எழுதியிருந்த இடத்தில் வாட்டில் மரமும் பைன் மரமும் நின்றன.

வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட மரம். சோலைமரம் இந்த மலைக்கே உரியது. ஆனால் இரண்டும் வருடம் முழுக்கப் பச்சை. என்டிவிஐ பச்சை எவ்வளவு என்று சொல்லுமே தவிர, அது என்ன மரம் என்று சொல்லாது. பெயர் வைத்தது நான். கம்ப்யூட்டர் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்காகத்தான் ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவியோடு மலையில் நடக்கிறார்கள். இந்தப் புள்ளியில் சோலை, இந்தப் புள்ளியில் வாட்டில், இங்கே பூண்டு வயல் என்று குறித்துவந்து, அந்த இடங்களின் எண்களைக் கம்ப்யூட்டருக்கு மாதிரியாகக் கொடுக்கிறார்கள். இரண்டு ஒளி மட்டுமல்ல, செயற்கைக்கோள் அளக்கும் மற்ற ஒளிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். குறித்துவந்ததில் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டருக்குக் காட்டாமல் ஒளித்துவைத்து, கடைசியில் அந்த இடங்களில் விடை சரியா என்று சோதிக்கிறார்கள். பரீட்சை வினாத்தாளை முன்கூட்டியே காட்டாதது போல.

எது எதுவாக மாறியது?

ஒரு வரைபடம் இன்றைய நிலையை மட்டும் சொல்லும். மாற்றம் தெரிய இரண்டு வேண்டும். இதற்கு ஒரு எளிய உபாயம் இருக்கிறது. புல் 1, சோலை 2, தோட்டமரம் 3, விவசாயம் 4 என்று எண் கொடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஷீட்டில் ஏ1 முதல் ஜே10 வரை நூறு கட்டங்களில் பழைய வரைபடம், இரண்டாவது ஷீட்டில் அதே கட்டங்களில் புதிய வரைபடம். உங்கள் இஷ்டம்போல் நிரப்புங்கள். மூன்றாவது ஷீட்டின் ஏ1-ல் சமக்குறி போட்டு, முதல் ஷீட்டுக்குப் போய் ஏ1-ஐ கிளிக் செய்யுங்கள். பிறகு பெருக்கல் குறி, 10, கூட்டல் குறி. அடுத்து இரண்டாவது ஷீட்டின் ஏ1-ஐ கிளிக் செய்து என்டர். இதை ஜே10 வரை இழுத்து நிரப்புங்கள்.

இப்போது 13 என்று வந்தால் புல்லாக இருந்தது தோட்டமரம் ஆகிவிட்டது. 23 என்றால் சோலை போய்த் தோட்டமரம். 11 என்றால் புல் புல்லாகவே இருக்கிறது. கவுண்ட்இஃப் என்ற ஃபார்முலாவில் ஏ1:ஜே10, கமா, 13 என்று கொடுத்தால் எத்தனை கட்டம் என்று எண்ணித் தந்துவிடும். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் புல் குறைந்தது, மரம் கூடியது என்றுதான் தெரியும். எந்த இடத்தை எது எடுத்துக்கொண்டது என்பது இப்படிக் கட்டத்துக்குக் கட்டம் பார்த்தால்தான் தெரியும்.

பழனி மலைக்கு இதைச் செய்து பார்த்த ஆய்வு 2018-ல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்தது. அரசுமணி, ராபின் விஜயன் ஆகியோர் அடங்கிய குழுவின் வேலை. அதுவரை பொதுவாகப் பேசப்பட்டது என்ன? தோட்டமரங்களால் சோலைக்காடு அழிந்தது, ஆகவே சோலைமரங்களை மீண்டும் வளர்க்க வேண்டும் என்பதுதான். நீதிமன்ற உத்தரவுகளும் அந்தத் திசையில் இருந்தன. படங்கள் சொன்னது வேறு. சுமார் நாற்பது ஆண்டுகளில் சோலைக்காட்டில் 31 சதவீதம் போயிருந்தது. புல்வெளியிலோ 66 சதவீதம். மலையில் அதிகப் பரப்பில், தொடர்ச்சியாக இருந்த புல்வெளி, துண்டு துண்டாக எஞ்சியிருந்தது. பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது தோட்டமரம், அதற்கு அடுத்தபடிதான் விவசாயம்.

இது வெறும் புள்ளிவிவரச் சண்டை அல்ல. வரையாடு மேய்வது புல்லில். நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை வாழ்வது புல்லில். குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். வாட்டிலை வெட்டிய இடம் முன்பு புல்வெளி என்றால், அங்கே சோலைக்கன்று நடுவது மீட்பதாகாது. அது சோலைமரமாகவே இருந்தாலும், புல்லுக்கு இன்னொரு மரம்தான். எந்த இடத்தில் 13, எந்த இடத்தில் 23 என்ற பட்டியல் இல்லாமல் கன்று நடப் போகக்கூடாது என்பது என் கருத்து.

நீங்களே செய்து பார்க்க

பயிற்சி முடிந்து நிஜப் படத்துக்குப் போக விரும்புகிறவர்கள் க்யூஜிஐஎஸ் என்ற இலவசப் புரோகிராமை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் ராஸ்டர் கால்குலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. நாம் டி2-ல் எழுதிய அதே ஃபார்முலாவை, அது லட்சக்கணக்கான பிக்சல்களுக்கு ஒரே மூச்சில் போடும். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு இறக்கலாம். முழுத் தொகுப்பையும் இறக்க வேண்டாம், பெரிய ஃபைல். லேண்ட்சாட் 8 என்றால் சிவப்பு 4-வது பேண்ட், அகச்சிவப்பு 5-வது. லேண்ட்சாட் 5, 7 என்றால் 3-வதும் 4-வதும். இதை மாற்றிப் போட்டால் கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் தராது. ஏரி பச்சையாகத் தெரிந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

கொடைக்கானலுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான படங்கள் வசதி. மேகம் குறைவு, பனியில் புல் காய்ந்திருப்பதால் மரத்திலிருந்து சுலபமாகப் பிரியும். இரண்டு வருடங்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே மாதமாக இருக்கட்டும். ஜூலைப் படத்தையும் பிப்ரவரிப் படத்தையும் ஒப்பிட்டால், நீங்கள் பார்ப்பது மழையின் வேலையை. 1970-களின் படங்களை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவை 60 மீட்டர் பிக்சலாகக் கிடைக்கின்றன. ஒரு பழைய கட்டத்துக்குள் நான்கு புதிய கட்டங்கள் அடங்கும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

ஃபைல்களுக்குப் பெயர் வைக்கும்போது படம் எடுத்த தேதியையும் சேர்த்தே வையுங்கள். என்னிடம் 'புதியது', 'மிகப் புதியது', 'கடைசி' என்று மூன்று ஃபைல்கள் இருக்கின்றன. எது எந்த வருடத்தின் புல் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.