கண்ணாடித் தொட்டி நத்தைகளின் இனவிருத்தியும் நெற்பயிருக்கு அதனால் நேரும் சேதமும்

வீடுகளில் அழகுக்காக மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளில் நத்தைகளையும் விடுவது வழக்கம். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்பது ஒரு காரணம். பொன்னிறமான ஓடு பார்ப்பதற்கு அழகாயிருப்பது மற்றொரு காரணம். இச்சிறு பிராணிக்கும் நெல் சாகுபடிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று பலர் எண்ணக்கூடும். ஆயினும் இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு ஜாதி, மனிதன் வைத்த இடத்தைவிட்டு வெளியேறி, கீழ்நாடுகள் பலவற்றில் நடவு வயல்களைப் பாழாக்கியிருக்கிறது. அது பெருகும் விதத்தை அறிந்துகொண்டால், தடுக்கும் வழியும் தானே விளங்கும்.

இனவிருத்தி முறைகள்

தொட்டி நத்தைகள் பெருகும் முறை ஒரே விதமானதன்று. ஆட்டுக்கிடாவின் கொம்புபோல் சுருண்ட தட்டை நத்தையிலும், நீர்க்கொப்புளம் போன்ற சிறு நத்தையிலும், ஆண் பெண் என்ற இரு தன்மைகளும் ஒரே உடலில் அமைந்துள்ளன. துணையின்றித் தனித்து விடப்பட்டாலும் இவை முட்டையிட்டுப் பெருக வல்லவை. முட்டைகள் பசைபோன்ற பொருளில் பொதியப்பட்டு, ஜலத்துக்குள் இலைகளிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கிடக்கும்.

மணலுக்குள் புதைந்து வாழும் நீண்ட கூம்பு வடிவ நத்தை வேறு வகையானது. இதில் பெரும்பாலானவை பெண்களே. ஆணின் சேர்க்கை இல்லாமலே கருக்கொண்டு, முட்டையிடாமல் சிறு குஞ்சுகளையே ஈனும்.

மூன்றாவது வகையே விவசாயிகள் கவனிக்கவேண்டியது. தங்க ஆப்பிள் நத்தை எனப்படும் இதன் தாயகம் தென் அமெரிக்காவில் அர்ஜென்டீனா முதலிய பிரதேசங்கள். இதில் ஆண் வேறு, பெண் வேறு. சேர்க்கை ஜலத்தில் நடைபெறும். ஆணிடமிருந்து பெற்ற விந்தைப் பெண் நத்தை தன் உடலில் சேமித்து வைத்துக்கொண்டு, பல வாரங்கள் வரையில் கருவுற்ற முட்டைகளை இடக்கூடும். ஆகையால் சேர்க்கை முடிந்த பெண் நத்தை ஒன்று மட்டும் வாய்க்காலில் சேர்ந்தாலும் அதன் சந்ததி உண்டாக வழியுண்டு.

முட்டையிடும் சமயத்தில் பெண் நத்தை பெரும்பாலும் இரவில் ஜலத்தைவிட்டு மேலே ஏறி, பயிரின் தண்டு, குச்சி, மதகுச் சுவர் ஆகியவற்றில் முட்டைகளை ஒட்டவைக்கும். ஒரு கொத்தில் சில பத்து முதல் சில நூறு முட்டைகள் வரை இருக்கும். இடும்பொழுது மிருதுவாயிருக்கும் முட்டைகளின் மேல் சுண்ணாம்பு ஓடு விரைவில் இறுகிவிடும். கொத்து நல்ல ரோஜா நிறமாயிருந்து, பொரிக்கும் காலம் நெருங்க வெளிறும். முட்டையிலுள்ள ஒருவகை விஷத்தின் காரணமாகப் பறவைகளும் பிற பிராணிகளும் பெரும்பாலும் அதைத் தீண்டுவதில்லை. வெப்பத்திற்கேற்ப ஏறக்குறைய இரண்டு வாரங்களில் குஞ்சுகள் பொரித்து ஜலத்தில் விழும். உஷ்ணமான இடங்களில் இரண்டு மூன்று மாதங்களில் தாமும் இனவிருத்திக்குத் தயாராகிவிடும்.

இப்பெருக்கத்தை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு கொத்தில் 200 முட்டைகள் எனவும், அவற்றில் நூற்றுக்கு 5 மட்டுமே பிழைப்பதாகவும் வைத்துக்கொண்டால், 10 நத்தைகள் மிஞ்சும். அவற்றில் பாதி பெண்ணாயின், தாய் ஒன்றுக்குப் பதில் 5. ஒவ்வொன்றும் தன் ஆயுளில் ஒரே ஒரு கொத்து இட்டாலும், அடுத்த தலைமுறையில் 25, அதற்கடுத்து 125, நான்காம் தலைமுறையில் 625 தாய் நத்தைகள் ஆகும். உண்மையில் ஒரு நத்தை பல கொத்துகள் இடுவதால், நிலைமை இதனினும் கடுமையானது.

அயல்நாடுகளின் அனுபவம்

1980-ஆம் ஆண்டையொட்டி இந்நத்தை உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து ஜப்பான், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளுக்கும் பரவியது. வாங்குவோர் இல்லாததால் வியாபாரம் நசித்தது. கைவிடப்பட்டவையும் தப்பியவையும் வாய்க்கால் வழியே வயலை அடைந்தன. 1980-களிலேயே அந்நாடுகளில் நெல்லுக்குப் பெருங்கேடாக ஆயிற்று. ஸ்பெயின் தேசத்தில் எப்ரோ நதியின் கழிமுகத்திலுள்ள நெல் வயல்களில் இதன் நெருங்கிய இனம் தோன்றியபோது, அதை அழிக்கக் கடல் ஜலத்தைப் பாய்ச்சும் அளவுக்குப் பிரயாசைப்பட வேண்டியிருந்தது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வினம் முழுவதையும் இறக்குமதி செய்யத் தடைவிதித்தது. தொட்டிகளில் வளர்க்கப்படும் மற்றொரு உறவு ஜாதி இலங்கையின் நீர்நிலைகளில் நிலைபெற்றுள்ளது.

அடையாளமும் சேதமும்

நம் நாட்டு வயல் நத்தை வெண்மையான முட்டைகளை ஜலத்தையடுத்த ஈரமண்ணில் பள்ளம் செய்து இடும். ஆகையால் ஜலமட்டத்துக்கு மேல் தண்டிலோ சுவரிலோ ரோஜா நிற முட்டைக்கொத்து தென்படின், அது அந்நிய நத்தையின் வரவு என்று சந்தேகிக்க வேண்டும். நத்தை இளநாற்றின் அடித்தண்டை அறுத்துத் தின்பதால், இரவோடிரவாக வயலில் சொட்டைகள் விழும். நட்ட முதல் 15 நாட்களும், நேரடி விதைப்பில் முதல் 30 நாட்களும் அபாயமானவை. தண்டு முற்றிய பின் சேதம் குறையும். வறட்சியில் மண்ணுக்குள் புதைந்து, ஓட்டின் வாயை மூடிக்கொண்டு உயிர் வைத்திருக்குமாதலால், வயல் காய்ந்ததைக் கொண்டு நத்தை ஒழிந்ததென்று நம்பலாகாது.

கையாள வேண்டிய முறைகள்

1. தொட்டியைக் கழுவிய ஜலத்தையும், வேண்டாத நத்தைகளையும் செடிகளையும் குளம், வாய்க்கால், சாக்கடை எதிலும் கொட்டலாகாது. செடிகளில் முட்டை ஒட்டியிருக்கும்.

2. வயலுக்கு ஜலம் வரும் மடையில் கம்பிவலை பொருத்த வேண்டும்.

3. நத்தை கண்ட வயலில் இளநாற்றைத் தவிர்த்து முற்றிய நாற்றை நடுவதும், நட்ட மூன்றாம் நாள் முதல் ஜலத்தை முக்கால் அங்குலத்துக்கு மேற்படாமல் நிறுத்துவதும் நலம். ஓரங்களில் 10 அங்குல அகலமும் 2 அங்குல ஆழமுமுள்ள கால்கள் வெட்டினால், நத்தைகள் அவற்றில் சேரும், பொறுக்குவது எளிது.

4. மூங்கில் குச்சிகளை ஊன்றினால் அவற்றில் முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் கொத்துகளைச் சுரண்டி நசுக்கிவிட வேண்டும். பப்பாளி இலையையும் சேம்பு இலையையும் பரப்பினால் நத்தைகள் அவற்றை நாடிக் கூடும். நாற்று ஊன்றிய பிறகு வாத்துகளை விடுவதும் பயன் தரும்.

5. நத்தையையும் முட்டையையும் வெறுங்கையால் தொடலாகாது. எலியின் நுரையீரலைச் சார்ந்த ஒரு புழுவை நத்தைகள் தாங்கியிருக்கக்கூடும். வேகாத நத்தையை உண்டவர்களுக்கு அது மூளையுறை நோயை உண்டாக்கும்.

ரோஜா நிறக் கொத்தைக் கண்டவர், அது தம் வயலாயினும் பிறர் வயலாயினும், அன்றே கிராம அதிகாரிகளுக்கும் விவசாய இலாகாவுக்கும் அறிவிப்பது கடமையாகும். கிராம அதிகாரிகளும் மதகுகளையும் வாய்க்கால் கரைகளையும் பார்வையிடும்போது இதைக் கவனித்தல் வேண்டும். முதற் கொத்தை நசுக்க ஒரு கைக்குச்சி போதும். நான்காம் தலைமுறையை அழிக்க ஒரு கிராமமே திரண்டாலும் போதாது.