கொழும்பிலிருந்து கிழக்கே

சென்னையிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிவர நான்கு பேருக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்ட இரவு, "விட்டுவிடலாம்" என்றார் என் கணவர். அந்தக் கணக்கு மாறியது மலிவான தேதியைத் தேடிப் பிடித்ததால் அல்ல, புறப்படும் ஊரை மாற்றியதால்.

உலகச் சுற்று டிக்கெட்டின் விலை, பயணம் எந்த நாட்டில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. அதே ஊர்கள், அதே விமானங்கள், ஆனால் தொடங்கும் நாடு மாறினால் விலை வேறு. எங்கள் வீடு மதுரையில். அங்கிருந்து கொழும்பு ஒரு மணி நேர விமானப் பயணம்தான். ஸ்ரீலங்கன் நிறுவனம் 2014இல் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனங்களின் கூட்டணியில் சேர்ந்ததால், அந்தக் கூட்டணியின் டிக்கெட்டைக் கொழும்பிலிருந்தே தொடங்க முடிந்தது. மதுரை–கொழும்பு போக வரச் செலவைச் சேர்த்த பிறகும் நல்ல தொகை மிஞ்சியது. ஒரு நிபந்தனை, தொடங்கிய நாட்டிலேயே முடிக்க வேண்டும்.

இந்த டிக்கெட்டில் ஒரு வகைக்குக் கண்டங்களின் எண்ணிக்கைதான் விலை. 16 பறப்புகள் வரை அனுமதி. ஆசியா, வட அமெரிக்கா, ஐரோப்பா என மூன்றோடு நிறுத்தினோம். கொழும்பு, டோக்கியோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், லண்டன், தோஹா, மீண்டும் கொழும்பு. ஆஸ்திரேலியாவையும் சேர்க்க ஆசைதான். ஆனால் ஒரு கண்டம் சேர்ந்தால் கூடுகிற தொகை நான்கு பேருக்குமாக நான்கு மடங்காக நம் தலையில் விழும் என்பதைக் குடும்பமாகப் போகிறவர்கள் மறக்கக் கூடாது.

மகனுக்கு அப்போது 11 வயது. 2 முதல் 11 வயது வரை பெரியவர் கட்டணத்தில் 75 சதவீதம். அவனுடைய பன்னிரண்டாவது பிறந்தநாள் நடுவழியில் வந்தது. எங்கள் டிக்கெட்டின் விதிப்படி பயணம் தொடங்கும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. தனித்தனி டிக்கெட்டுகளாக வாங்கியிருந்தால் பிறந்தநாளுக்குப் பிந்தைய ஒவ்வொன்றுக்கும் முழுக் கட்டணம் கேட்டிருப்பார்கள். பணம் கட்டும் முன் இந்த விதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நான்கு இருக்கைகள் சேர்ந்து கிடைப்பது. இந்த டிக்கெட்டுக்கென ஒவ்வொரு விமானத்திலும் சில இருக்கைகளைத்தான் ஒதுக்குகிறார்கள். பசிபிக்கைக் கடக்கும் விமானத்தில் நாங்கள் கேட்ட வெள்ளிக்கிழமை இரண்டுதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை நான்கு கிடைத்தது. சாதாரண டிக்கெட்டிலும் இதே சங்கதி உண்டு. மலிவு விலையில் மூன்று இருக்கைகளே மிச்சமிருந்தால், நான்கு பேருக்குத் தேடும்போது நான்குக்குமே அடுத்த விலையைக் காட்டும். அதனால் மதுரை–கொழும்பு டிக்கெட்டுக்கு முதலில் ஒருவருக்கும் பிறகு நால்வருக்கும் தேடிப் பார்த்தேன். வித்தியாசம் இருந்தது. இருவர் இருவராகப் பிரித்து வாங்கினோம், பெரியவர் ஒருவரோடு பிள்ளை ஒருவராக. பிள்ளைகளை மட்டும் தனி முன்பதிவில் விடவே கூடாது.

லண்டனிலிருந்து ரயிலில் பாரிஸ் போய் அங்கே விமானம் ஏறினால் பிரிட்டனின் பயணி வரி மிச்சம் என்று பலர் சொன்னார்கள். தனியாகப் போகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். எகானமி வகுப்பில் 16 வயது நிறையாத பிள்ளைகளுக்கு அந்த வரியே கிடையாது. ஆக, வரி மிச்சமாவது இரண்டு பேருக்கு, ரயில் டிக்கெட்டோ நான்கு பேருக்கு. பாரிஸை விட்டதில் நான்கு ஷெங்கன் விசாக்களின் செலவும் குறைந்தது. ஈபிள் கோபுரம் பார்க்க முடியாததில் மகளுக்கு வருத்தம்தான்.

அமெரிக்க விசாவில் மட்டும் மிச்சம் பிடிக்க வழியில்லை. விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் நமக்கு விசா வேண்டும். தலைக்கு 185 டாலர், பிள்ளைகளுக்கும் அதேதான். அதை முதலில் வாங்கிவிட்டுத்தான் டிக்கெட்டில் கை வைத்தோம்.

நம் பள்ளிகளின் கோடை விடுமுறை இந்தப் பயணத்துக்கு வரம். ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடைக் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது. ஜப்பானில் மட்டும் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அவர்களுடைய தொடர் விடுமுறை, அறை வாடகை ஏறிவிடும். அதற்கு முன்பே டோக்கியோவை விட்டுக் கிளம்பினோம். கிழக்கே பறக்கும்போது தேதிக்கோட்டைத் தாண்டுவதால், மாலையில் டோக்கியோவில் ஏறிய நாங்கள் அதே நாள் பகலில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினோம். நான் மறுநாளுக்கு அறை பதிவு செய்திருந்தேன். பிள்ளைகள் கண் சொக்க நிற்கையில், அந்த ஓர் இரவுக்கு வரவேற்பு மேசையில் கேட்ட விலையைக் கொடுத்து அறை எடுத்தோம்.

கொழும்பு–மதுரை டிக்கெட் தனி என்பதால், கடைசி விமானம் தாமதமாகி அதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஆகவே நடுவில் ஓர் இரவு விட்டோம். கொழும்பின் வெள்ளவத்தையில் தங்கி, காலையில் இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு நிதானமாக விமான நிலையம் போனோம்.