பக்கத்து வைத்தியசாலை பயன்பட வேண்டுமானால்

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைக்குப் போகிறவர் வைத்தியருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பொது விடுதியில் படுக்கைக்கோ சத்திரசிகிச்சைக்கோ கட்டணம் அறவிடப்படுவதுமில்லை. இது எமது மக்களுக்குக் கிடைத்திருக்கும் பெரும் பேறு. ஆனாலும் விவசாயக் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். "வைத்தியம் இலவசந்தான், போய் வரத்தான் காசில்லை" என்பார்கள். பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி, துணைக்குப் போகிறவரின் சாப்பாடு, பார்மசியில் வாங்கச் சொல்லி எழுதித் தரும் மருந்து எல்லாமே செலவுதான். சொந்தக் காணியை விட்டு இடம்பெயர்ந்து, பிறர் வயலில் கூலிக்கு நிற்கும் குடும்பத்தை இச்செலவு இன்னும் அதிகமாக வாட்டுகிறது. களை எடுக்கும் காலத்தில் ஒரு மாத கிளினிக் தவறுகிறது. அடுத்த மாதமும் தவறுகிறது. மருந்து பாதியில் நிற்கிறது. பின்னர் ஒரு நாள் பாரிசவாதம் வந்து, குடும்பத்தின் உழைப்பாளி பாயில் விழுகிறார்.

எனவே சுகாதார சேவையின் சீர்திருத்தம் கொழும்பில் இருப்பவர்கள் மட்டும் பேசவேண்டிய விடயமல்ல. எமது சேவை எவ்வாறு வளர்ந்தது, எங்கே தடக்குகிறது, என்ன மாற்றம் வேண்டும், அதில் எமது பங்கு என்ன என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. வீட்டு வாசலில் வளர்ந்த சேவை

1926ஆம் ஆண்டு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. நோயாளி வரும்வரை காத்திராமல், மருத்துவமாதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீடு தேடிச் செல்வதே அதன் முறை. இன்று எமது பகுதிகளில் இயங்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அந்த வித்திலிருந்து முளைத்தவையே.

1934-35ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். கிராமங்களுக்கு அண்மையில் வைத்திய வசதி இருக்கவேண்டும் என்பதை அந்தப் பேரழிவு உணர்த்தியது. 1930களில் ஓர் இலட்சம் பிரசவங்களில் 2000க்கு மேற்பட்ட தாய்மார் உயிரிழந்தனர். அண்மைய ஆண்டுகளில் இத்தொகை 30, 40 என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. கர்ப்பிணியின் வீட்டுக்கே சென்று பார்த்த மருத்துவமாதும், அவசரத்துக்குச் செல்லக்கூடிய தூரத்தில் இருந்த வைத்தியசாலையும் இதற்கு முக்கிய காரணங்கள்.

மலேரியாவின் கதையும் ஒரு பாடமே. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா காணப்பட்டது. கவனம் தளர்ந்ததும் நோய் திரும்பி வந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1999ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். பின்னர் நடமாடும் கிளினிக்குகள் கிராமம் கிராமமாகச் சென்று காய்ச்சல்காரரின் இரத்தத்தைப் பரிசோதித்தன. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. இந்த வெற்றிகள் மாடிக் கட்டடங்களால் கிடைத்தவையல்ல. சேவை மக்களிடம் சென்றதால் கிடைத்தவை.

2. எங்கே தடக்குகிறது?

முன்பு மக்களைக் கொன்றவை காய்ச்சலும் பிரசவச் சிக்கலும். இன்று இந்நாட்டில் நிகழும் ஐந்து இறப்புகளில் நான்கு, இருதயநோய், நீரிழிவு, பாரிசவாதம், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் ஏற்படுகின்றன. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் வலியில்லாமல் வளர்பவை. ஒரு தடவை மருந்து குடித்து மாற்றக்கூடியவையுமல்ல. மாதாமாதம், வருடாவருடம் பார்க்கவேண்டியவை. ஆகவே அவற்றுக்கு மிகவும் பொருத்தமான இடம் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சிறிய வைத்தியசாலையே.

ஆனால் நடப்பது வேறு. பல பிரதேச வைத்தியசாலைகளில் ஒரு வைத்தியரே இருப்பார். அவரும் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் கதிரை வெறுமையாகும். இரத்தப் பரிசோதனைக்கு வசதியில்லை. சில மருந்துகள் முடிந்துவிடுகின்றன. "அங்கே போய் என்ன பயன்?" என்று மக்கள் நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போகிறார்கள். அங்கே தடிமனுக்கு வந்தவரும் இருதயநோயாளியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சிறிய வைத்தியசாலையிலோ நோயாளர் தொகை குறைகிறது. தொகை குறைந்ததும் ஆளணியும் மருந்தும் மேலும் குறைகின்றன.

இதை விவசாயிகளாகிய உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும், வாய்க்கால் திருத்தப்படாவிட்டால் கடைசி வயல் காயும். அதற்காகக் குளக்கட்டை மட்டும் உயர்த்திக்கொண்டிருந்தால் கடைசி வயலில் நெல் விளையுமா?

3. தாய்லாந்து செய்த ஒரு வேலை

தாய்லாந்தும் நெல் விளையும் நாடு. அங்கும் 1970களில் நோயாளர்கள் நகரத்துப் பெரிய வைத்தியசாலைகளிலேயே குவிந்தனர். 1982 முதல் 1986 வரையிலான காலத்தில் அந்நாட்டு அரசு நகர வைத்தியசாலைகளுக்கான புதிய கட்டட முதலீட்டை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தைக் கிராமப்புற மாவட்ட வைத்தியசாலைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் திருப்பியது. படித்து வெளியேறும் வைத்தியர்கள் சில ஆண்டுகள் கிராமத்தில் சேவை செய்வதையும் கட்டாயமாக்கியிருந்தது. காலப்போக்கில் மக்கள் முதலில் பக்கத்து நிலையத்துக்கே போகத் தொடங்கினர். இந்த அத்திவாரம் இருந்தபடியால்தான் 2002இல் எல்லா மக்களுக்குமான வைத்தியத் திட்டத்தை அந்நாட்டால் நடைமுறைப்படுத்த முடிந்தது. முதலில் பக்கத்து நிலையத்தை நம்பத்தக்கதாக்கினார்கள். அதன் பின்னரே மக்களை அங்கே வரச்சொன்னார்கள். இந்த ஒழுங்கை நாம் கவனிக்கவேண்டும்.

4. வேண்டிய மாற்றங்கள்

(அ) மருந்து தட்டுப்படக்கூடாது. எல்லா மருந்தும் எல்லா இடத்திலும் இருக்க முடியாது. ஆனால் நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவற்றுக்கான அத்தியாவசிய மருந்துகள் சிறிய வைத்தியசாலையிலும் எந்நாளும் இருக்கவேண்டும். தேவையான மருந்துகளைத் தெரிந்தெடுத்து, மொத்தமாக, மலிவாக வாங்கும் வழியைப் பேராசிரியர் சேனக பிபிலே 1970களிலேயே இந்நாட்டில் காட்டியுள்ளார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்து தட்டுப்பட்டபோது அந்த வழியின் அருமை மீண்டும் விளங்கியது.

(ஆ) நோயாளிக்குப் பதிலாக இரத்தம் பயணம் செய்யட்டும். ஒரு சிறு குப்பி இரத்தத்துக்காக ஒருவர் முப்பது மைல் போய்வரத் தேவையில்லை. பிரதேச வைத்தியசாலையில் எடுத்து, ஆதார வைத்தியசாலைக்கு அனுப்பி, முடிவை இங்கே பெறலாம்.

(இ) நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு மாத மருந்தை ஒரே தடவையில் வழங்கலாம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. அன்று முடிந்தது என்றும் முடியும்.

(ஈ) போகும்போதும் வரும்போதும் கடிதம் வேண்டும். சிறிய வைத்தியசாலையின் கடிதத்துடன் வருபவரைப் பெரிய வைத்தியசாலை முதலில் பார்க்கவேண்டும். வீடு திரும்பும்போது செய்த வைத்தியத்தை எழுதி அனுப்பவேண்டும்.

(உ) பதிவைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்துச் சேவை. இடம்பெயர்ந்த குடும்பத்தின் கர்ப்பிணியையும் குழந்தையையும், இன்று தங்கியிருக்கும் இடத்தின் மருத்துவமாதே தமது பதிவில் சேர்த்துப் பார்க்கவேண்டும். அட்டை தொலைந்தவருக்குப் புதிய அட்டை தாமதமின்றிக் கிடைக்கவேண்டும்.

(ஊ) வருபவர் தங்குவதற்கு வசதி. குடியிருக்க விடுதியும் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் இல்லாத இடத்தில் வைத்தியரும் தாதியும் நிலைக்கமாட்டார்கள். அவர்களை வரவேற்று வைத்திருப்பது ஊரின் பொறுப்புமாகும்.

5. நாம் செய்யக்கூடியவை

கிளினிக் கொப்பி, குழந்தையின் வளர்ச்சி அட்டை, மருந்துத் துண்டு ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் இட்டு, அடையாள அட்டையுடன் ஒன்றாக வையுங்கள். திடீரென எழும்பிப் போகநேர்ந்தால் கையோடு வரவேண்டியது அந்தப் பை.

2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் குடித்தது. வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரையை இலவசமாகக் கேட்டுப் பெறுங்கள். கர்ப்பிணிகளும் வேறு நோயுள்ளோரும் முதலில் அவரிடம் விசாரித்தே எடுக்கவேண்டும்.

பாம்பு கடித்தால் வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் உடனே கொண்டுபோங்கள். விஷமுறிவு ஊசி உங்களுக்கு அருகில் எந்த வைத்தியசாலையில் இருக்கிறது என்பதை முன்னரே கேட்டறிந்து வையுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 முதல் இச்சேவை வட மாகாணத்திலும் உண்டு.

குறையை எங்கே சொல்வது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். போதனா வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளன. பிரதேச வைத்தியசாலைகள் மாகாண சபையின் பொறுப்பு. அவற்றுக்குப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரை அணுகவேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எத்தனை வைத்தியர் பதவிகள் வெற்றிடமாக உள்ளன, எந்தெந்த மருந்துகள் எத்தனை நாட்கள் இருக்கவில்லை என்று எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தமது தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். வெறுங்கோபத்தோடு போவதைவிட, திகதியும் கணக்கும் எழுதிய ஒரு தாளோடு போவது பலன் தரும். பல வைத்தியசாலைகளில் அபிவிருத்திக் குழுக்கள் உள்ளன. அவற்றில் கடை முதலாளியும் ஓய்வுபெற்ற அதிபரும் இருந்தால் மட்டும் போதாது. வரிசையில் நிற்கும் கூலி விவசாயியும், குழந்தையோடு வரும் தாயும் இருக்கவேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட:

1. கடந்த மூன்று மாதங்களில் எமது குடும்பங்கள் வைத்தியத்துக்காகப் போய்வரச் செலவிட்ட பணமும் இழந்த கூலியும் எவ்வளவு? ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்.

2. பக்கத்து வைத்தியசாலையைத் தாண்டி நாம் ஏன் தூரத்துக்குப் போகிறோம்? முதல் மூன்று காரணங்கள் எவை?

3. எம்மிடையே கிளினிக்கை இடையில் நிறுத்தியவர்கள் உள்ளார்களா? அவர்களை மீண்டும் அழைத்துப் போகும் பொறுப்பை யார் ஏற்பது?

4. வைத்தியசாலைக் குழுவுக்கு எம்மில் ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் அனுப்புவதானால், அவர்கள் முதலில் கேட்கவேண்டிய ஒரே ஒரு மாற்றம் எது?